முதல்ல கூரையைப் பாருங்க!

(‘பழைய பள்ளிக் கட்டடங்களை இடித்துக் கட்டுவதா? சீர்செய்து காப்பதா?’ பட்டிமன்றத்தில், ‘சீர்செய்து காப்பதே’ அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால பேசின நண்பர், “பழசை இடி, புதுசு கட்டு, ஏ.சி. போடு”ன்னு கோபமாப் பேசினாரு. அவர் பேசின சூட்டுக்கு இந்த மேடைக்கே ஒரு ஏ.சி. வேணும்! (சிரிப்பு)

ஒண்ணை ஒத்துக்கறேன். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். விரிசல் விட்ட சுவருக்கு வக்காலத்து வாங்க நான் வரலை. அதை இடிச்சே ஆகணும். ஆனால் உறுதியா நிக்கிற கட்டடத்தை, ‘உள்ளே வேகுது, கரண்ட் பில் ஏறுது’ன்னு இடிக்கலாமா?

ஏன் வேகுது? மொட்டை மாடியில விழுற வெயிலை கான்கிரீட் குடிச்சு வெச்சு, மத்தியானத்துக்கு மேல பிள்ளைங்க தலையில இறக்குது. ஃபேன் என்ன பண்ணும்? அந்த அனலைப் பந்தி பந்தியாப் பரிமாறும்! (சிரிப்பு) அந்தக் காலத்துக் கொத்தனாருங்க கட்டைக்குத்துத் தளம் போட்டாங்க. தேக்குக் கட்டை மேல செங்கலை நிறுத்தி வெச்சு சுண்ணாம்புச் சாந்து. அதுக்கு மேல செங்கல் ஜல்லி, தட்டோடு. கூரையும் உயரம், ஜன்னலும் பெருசு. பின்னால வந்தவங்க ஒழுகுதுன்னு கறுப்புத் தாரை ஊத்தினாங்க. வெயிலை வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி! (கைதட்டல்)

அந்தக் கூரைக்கு வெள்ளையடிங்க. 2017-ல் அகமதாபாத்தில் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு அதைத்தான் செஞ்சாங்க. சுண்ணாம்புன்னா வருஷா வருஷம் அடிக்கணும், அவ்வளவுதான்.

அப்புறம் கணக்குக்கு வர்றேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புது பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 போதும். பழைய டியூப்லைட் சோக்கோட சேர்த்து 50, எல்.இ.டி. 20. வகுப்புக்கு 4 ஃபேன், 4 லைட்டுன்னா 300 வாட் மிச்சம். 10 வகுப்பு, 6 மணி நேரம், 200 நாள்: 3,600 யூனிட்! சூரிய மின்தகடு வேண்டாங்கலை. அதைக் கடைசியா வைங்க. முதல்லயே வெச்சா, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு வெட்டின கதைதான்.

ஐயா மணியைத் தொடுறாரு. ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்புக்கு முன்னால, ஒரு ஏப்ரல் மாசம் மத்தியானம் 2 மணிக்கு, மேல் மாடி வகுப்புல முழுப் பரீட்சை எழுதற பிள்ளை பக்கத்துல அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. விடைத்தாள் வேர்வையில நனையாம இருக்க அது கைக்கு அடியில கர்ச்சீப் வெச்சு எழுதும். (பலத்த கைதட்டல்)