இரு கட்சி ஆட்சி இனி நிலைபெறுமா?

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லும் எமக்கு அரசியலில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இக்கூட்டத்தின் முன் வந்துள்ள தீர்மானங்களுள் ஒன்றே எம்மைப் பேசத் தூண்டிற்று. வருகின்ற தேர்தலில் நம் குலத்தார் வாக்குக்கள் அனைத்தும் ஒரே கட்சிக்கு என்று சங்கம் உறுதிமொழி தரவேண்டும் என்பது அத்தீர்மானம். எந்நாட்டிலும் நிலைப்பன இரண்டே கட்சிகள், அவற்றுள் ஒன்றைப் பற்றாதார்க்குப் புகலில்லை என்பது அதனைக் கொணர்ந்த அன்பர்களின் கருத்து. இது மெய்தானா என்று காண, இம்முறையின் பிறந்தகமாகிய பிரிட்டனைச் சற்று நோக்குவோம். வாக்கெண்ணும் முறையை நாம் பெற்றதும் அங்கிருந்தேயாம்.

விக், டோரி என்னும் கட்சிப் பெயர்கள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அரசுரிமை பற்றிய பூசலிலே எழுந்தன. இரண்டும் வசைப்பெயர்கள். முன்னது ஸ்காட்லாந்துக் கலகக்காரரையும், பின்னது அயர்லாந்து வழிப்பறிக்காரரையும் சுட்டியது. பகைவர் இட்ட வசையையே இருவரும் விருதாகச் சூடிக்கொண்டனர். சொல்லாராய்வார்க்கு இஃது இனிய செய்தி, அது நிற்க.

அந்நாட்டுக் காமன்ஸ் சபையில் ஆசனங்கள் இரு வரிசையாய் எதிரெதிரே அமைந்துள்ளன. 1941-இல் குண்டுவீச்சால் அம்மண்டபம் அழிந்தபோது, வடிவத்தை மாற்றலாகாது என்று சர்ச்சில் வாதித்தார். நீள்சதுர மண்டபமே இருகட்சி முறைக்கு ஏற்றது என்பது அவர் கொள்கை. அவ்வாறே அது மீண்டும் கட்டப்பெற்று 1950-இல் திறக்கப்பட்டது. 1937-ஆம் ஆண்டுச் சட்டமோ எதிர்க்கட்சித் தலைவர்க்கு ஆண்டொன்றுக்கு 2,000 பவுன் சம்பளம் வகுத்தது. தன்னை எதிர்ப்பதற்கு அரசாங்கமே ஊதியம் கொடுக்கும் விந்தையை ஈண்டுக் காண்க!

இவ்வளவு உறுதியாய் நின்ற அமைப்பிலும் ஆட்கள் நிலைத்திலர். 1906-இல் ஏறத்தாழ 400 இடங்களைப் பெற்ற லிபரல் கட்சி, 1924-இல் 40 இடங்களோடு நின்றது. அதன் ஆசனத்தில் தொழிற்கட்சி அமர்ந்தது.

பின்னர் 1951-இல் கன்ஸர்வேடிவ் கட்சியும் தொழிற்கட்சியும் சேர்ந்து நூற்றுக்கு 97 வாக்குக்கள் பெற்றன. 2024-இல் அவ்விரண்டும் பெற்றவை நூற்றுக்கு 57 அளவே. ஆயினும் நூற்றுக்கு 34-க்கும் குறைந்த வாக்குப் பெற்ற தொழிற்கட்சிக்கு 650 இடங்களில் 411 கிடைத்தன. ரிபார்ம் கட்சி நூற்றுக்கு 14 பெற்று 5 இடங்களையே அடைந்தது. லிபரல் டெமக்ராட்டுகள் நூற்றுக்கு 12 பெற்று 72 இடங்களை அடைந்தனர்.

மிகுதியாய்ப் பெற்றவர்க்குக் குறைவும், குறைவாய்ப் பெற்றவர்க்கு மிகுதியும் கிடைத்தது எங்ஙனம்? ஒவ்வொரு தொகுதியிலும் முதல்வராய் வந்தவர் ஒருவரே வென்றவராவர். ஏனையோர் பெற்ற வாக்கு எத்துணையாயினும் பயனில்லை. லிபரல் டெமக்ராட்டுகளின் வாக்கு சில தொகுதிகளில் திரண்டு நின்றது; ரிபார்ம் கட்சியின் வாக்கு நாடெங்கும் தூவிக் கிடந்தது. 1983-இல் நிகழ்ந்தது இதனினும் கொடிது. லிபரல்களும் சோஷியல் டெமக்ராட்டுகளும் கூடிய கூட்டணி நூற்றுக்கு 25 வாக்குப் பெற்று 23 இடங்களே கண்டது. அதனினும் சிறிதே மிகுதியாய், நூற்றுக்கு 28 அளவு பெற்ற தொழிற்கட்சியோ 209 இடங்களைக் கொண்டது. ஆகலின் இரு கட்சியைக் காத்து நிற்பது மக்களின் விருப்பமன்று, எண்ணும் முறையே என்க.

நியூசிலாந்தார் 1993-இல் பொது வாக்கெடுத்து அம்முறையை மாற்றினர். 1996 முதல் அங்கே கூட்டு மந்திரிசபைகளே பெரும்பான்மை. 2020-இல் ஒருமுறை மட்டும் ஒரே கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. பிரிட்டனில் 2011-இல் வேறொரு மாற்றம் வாக்கெடுப்புக்கு வந்து, நூற்றுக்கு 68 பேரால் மறுக்கப்பட்டது. ஆனால் 2025 மே மாதம் இங்கிலாந்தில் நிகழ்ந்த தலத்தேர்தல்களில் பழைய இரு கட்சிகளையும் பின்தள்ளி ரிபார்ம் கட்சி மிகுதியான இடங்களைப் பெற்றது. 1924-இற் போல ஆசனத்தில் ஆள் மாறுவதோடு இது முடியலாம். ஐந்து கட்சிகளும் ஒத்த வலியோடு நீடிப்பின், நாலில் ஒரு பங்கு வாக்கால் நாட்டை ஆள்வோர் தோன்றுவர். அப்போது எண்ணும் முறையே மாறவேண்டும் என்ற குரல் அங்கு வலுக்கும் என்பது எம் கருத்து.

இனித் தீர்மானத்திற்கு வருவோம். நம் குலத்தார் ஓரிடத்தில் திரண்டிருப்பவரல்லர். பல மாவட்டங்களிலும் விரவி வாழ்பவர். 1983-ஆம் ஆண்டுக் கூட்டணியின் நிலை எதுவோ, அதுவே நம் நிலை. முன்னரே உறுதி செய்துவிட்ட வாக்கை நாடி எந்த அபேட்சகர் நம் தெருவுக்கு வருவார்? நம் பிள்ளைகளின் பள்ளிக்கும் விடுதிக்கும் குறை சொல்ல, யாரிடம் நாம் செல்வது?

மற்றொன்றும் உண்டு. பிரிட்டனில் 1872 வரையில் வாக்கு வெளிப்படையாகவே அளிக்கப்பட்டது. நிலக்கிழார் பார்த்து நிற்க, குடியானவன் வாய்திறந்து பெயர் சொல்லவேண்டும். அவ்வாண்டுச் சட்டமே இரகசிய வாக்கைத் தந்தது. இங்கிருக்கும் நம் தாய்மார்களும் இளைஞரும் திரைக்குப் பின் தனித்து நின்று இடும் வாக்கை, அவர்களைக் கேளாமலே சங்கம் பிறர்க்கு எழுதிக் கொடுத்தல் தகுமா? தீர்மானத்தைக் கொணர்ந்தோர் எம் நண்பர்கள். சங்கத்திற்கு அவர்கள் உழைத்த உழைப்பை யாம் அறிவோம். ஆயினும் அதனைத் திரும்பப் பெறுமாறும், அதற்கு மாறாக எல்லாக் கட்சி அபேட்சகர்களையும் இம்மண்டபத்திற்கு அழைத்து, நம் விடுதிக் கட்டடம் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்குமாறும் வேண்டுகின்றோம்.