காஞ்சனபுரியில் நம்மவர் கல்லறை எங்கே?

(ரிங்லெட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாடாங் பெசாரில் எல்லையைக் கடந்து, பான்போங் வழியாகக் காஞ்சனபுரியை அடைந்தோம். அன்று மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சரக்கு வண்டிகளில் அடைத்துக் கொண்டு செல்லப்பட்ட நம்மவர் இறக்கப்பட்டதும் அதே பான்போங்கில்தான். நாங்கள் இருக்கையில் அமர்ந்து சென்றோம்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர் துயில்கின்றனர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளே மிகுதி. பலகைகளில் பெயரும், படைப்பிரிவும், இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. புல்வெளி அத்தனை தூய்மை. வரிசை வரிசையாக நடந்தோம். எங்கள் கண்கள் தேடிய பெயர்கள் அங்கே இல்லை.

415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதையை ஜப்பானியப் படையினர் 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தனர். அதில் உழைத்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தோர் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளரிலோ 80,000 பேருக்கு மேல் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. மதிப்பீடுதான்; எண்ணி எழுதியவர் எவருமில்லை. கைதிகளிடம் படை மருத்துவர்கள் இருந்தனர். புதைத்த இடத்தைக் குறித்து வைக்க அதிகாரிகள் இருந்தனர். போருக்குப் பின் அந்தக் குறிப்புகளைக் கொண்டே உடல்கள் தேடி எடுக்கப்பட்டன. நம்மவரிடம் இவற்றுள் எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மடிந்தனர்.

வியப்பான செய்தி ஒன்று. அப்பாதையை அமைத்த ஜப்பானியப் படையினரே 1944-இல் ஆற்றோரம் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினர். அதில் தமிழிலும் பொறித்துள்ளனர்! அதைப் படித்தபோது நன்றி கூறுவதா, சினங் கொள்வதா என எங்களுக்கு விளங்கவில்லை.

தாவோன் வராராம் ஆலய வளாகத்தில் 2023-ஆம் ஆண்டு தமிழ்த் தொழிலாளருக்கென நடுகல் நிறுவப்பட்டது. எங்களுடன் வந்த மூதாட்டி ஒருவர், தாம் தாயின் வயிற்றில் இருந்தபோதே தந்தையைப் பறிகொடுத்தவர். தந்தையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிய தாளை மலருடன் கல்லடியில் வைத்தார். படம் ஏதும் அவரிடம் இல்லை. நெடுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை; நாங்களும் அழைக்கவில்லை.

உங்கள் குடும்பத்தில் சயாமுக்குச் சென்று திரும்பாதவர் உண்டா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பெயர், ஊர், தோட்டம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த பயணத்தில் எடுத்துச் செல்கிறோம்.