பொதுத்தன்மை யாது?



வண்ணாரப்பேட்டையில் நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், ஆங்கில வகுப்பில் உவமையையும் மையக்கருத்தையும் உணர்தல் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். விழா மேடைக்கு இது சிறிய பொருள் எனச் சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

‘சிமிலி’ என்றால் என்ன என்று கேட்டவுடன், ‘லைக்’, ‘ஆஸ்’ என்னும் சொற்கள் வருவது என்று நம் பிள்ளைகள் விடை கூறிவிடுகின்றனர். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. எது எதனோடு, எக்காரணத்தால் ஒப்பிடப்பட்டது என்று மேலும் கேட்டால் மௌனமாகின்றனர். “எங்களுக்கு ஆங்கிலம் வராது” என்று தமக்குத் தாமே தீர்ப்பும் எழுதிக்கொள்கின்றனர். நாமும் அவ்வயதில் அப்படித்தான் நின்றோம். குறை நம் அறிவில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை நமக்கு எவரும் கற்றுத்தரவில்லை.

அக்கேள்வி தமிழுக்குப் புதிதன்று. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியாக உவமை தோன்றும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. செயலால் ஒக்கின்றதா, விளைவால் ஒக்கின்றதா, வடிவால் ஒக்கின்றதா, நிறத்தால் ஒக்கின்றதா என்று ஆராய வேண்டும். சுருங்கக் கூறின், “பொதுத்தன்மை யாது?” என்பதே அக்கேள்வி.

வேர்ட்ஸ்வர்த்தின் டாஃபடில் மலர்க் கவிதையை எடுத்துக்கொள்வோம். அம்மலரை நம் பிள்ளைகள் கண்டதில்லை. நீர்க்கரையோரம் பூத்த அம்மலர்களைக் கவிஞர் பால்வீதி விண்மீன்களுக்கு ஒப்பிடுகிறார். இரவில் காசிமேட்டுக் கரையில் நின்று, கடலில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளைப் பார்த்தவர்கள் நீங்கள். மின்னுதலும் வரிசையாக நீளுதலும் அங்கும் உண்டு. மலரைக் காணாவிடினும் பொதுத்தன்மையைக் கண்டுவிட்டீர்கள், கவிதை உங்களுடையதாகிவிட்டது.

இனி மையக்கருத்து. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், 1951-இல் வெளியான ‘ஹார்லெம்’ என்னும் சிறு கவிதையில், தள்ளிப்போடப்பட்ட கனவு என்னவாகும் என்று வினவுகிறார். உலர்ந்த திராட்சை, ஆறாத புண், கெட்ட இறைச்சி, பாரமான சுமை முதலிய ஐந்து உவமைகள் அதில் வருகின்றன. சுமையை இறக்க இடமின்றி நிற்க நிற்க அது மேலும் கனக்கும் என்பதைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரின் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இறுதி வினாவில் மட்டும் உவம உருபு இல்லை. வெடிப்பைப் பற்றிய அவ்வினா நேராகவே நிற்கிறது. உரிமையைக் காலங்கடத்தினால் கேடு விளையும் என்பதே இக்கவிதையின் ‘தீம்’. உவமைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, அவை அனைத்தும் எத்திசையைக் காட்டுகின்றன என்று பார்த்தால் மையக்கருத்து தானே புலப்படும். வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

தோழர்களே! இக்கேள்வியின் பயன் தேர்வோடு முடிவதில்லை. தாழ்த்திக் கூறுவதற்கும் உவமை பிறக்கும் என்பதைத் தொல்காப்பியமே ஒப்புக்கொள்கிறது. நம் மக்களின் பெயரை இழிவுக்கு உவமையாக்கிய பழமொழிகளையும் ஏச்சுக்களையும் நாம் தெருவில் கேட்டிருக்கிறோம். அத்தகைய சொல் காதில் விழும்போது நாணித் தலைகுனிய வேண்டா. “பொதுத்தன்மை யாது?” என்று கேளுங்கள். அங்கே விடை இராது. விடையில்லாத உவமை, உவமையன்று, வெறும் வசையே.

அண்ணல் அம்பேத்கர் செய்ததும் அதுவே. லாகூர் மாநாட்டிற்கென எழுதப்பட்டு, அங்கு நிகழ்த்த இயலாமற் போக, 1936-இல் அவரே ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையை நம் இளைஞர்கள் அவசியம் பயில வேண்டும். சாதி என்பது தொழிற்பிரிவினைக்கு மற்றொரு பெயரே என்று வாதிட்டோர் இருந்தனர். அண்ணல் அவ்வொப்புமையைச் சோதித்தார். சாதியோ தொழிலாளரையே பிரிக்கிறது. மேல் கீழென அடுக்குகிறது. விருப்பத்தையும் திறமையையும் கேளாமல் பிறப்பால் தொழிலைச் சுமத்துகிறது என்று காட்டினார். அவ்வொப்புமை அங்கேயே உடைந்தது. துணி வெளுத்தோரின் பெயரைத் தாங்கிய இப்பேட்டையில் வாழும் நமக்கு அவ்விளக்கத்தின் ஆழம் எளிதில் விளங்கும்.

ஆகவே, நம் மாலை வகுப்புகளில் ஒரு பழக்கத்தைத் தொடங்குவோம். ஒவ்வோர் ஆங்கிலப் பாடத்திலும் ஓர் உவமையை எடுத்து, பொருள் யாது, உவமை யாது, பொதுத்தன்மை யாது என்று தமிழில் பேசுங்கள். பின்னர், நம் தெருவிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பணிமனையிலிருந்தும் ஒரு புதிய உவமையை ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள். பிழை நேரின் திருத்திக்கொள்ளலாம். பிறர் தந்த ஒப்புமையை ஆராயாமல் ஏற்கும் பழக்கம் ஒழிந்தாற் போதும்.