கட்டணத்தைக் கட்டுவது யார்?

(ஆலங்குளத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பகுதியில் டீக்கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கூரியரில் ஊர் ஊராகப் போகிறது. இப்படி நடக்கும் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் ஒரு செலவு உண்டு. அதை யார் ஏற்கிறார்கள் என்பதை நம் மாணவர்கள் கணக்கிட்டு அறிய வேண்டும்.

ரயில் பயணச்சீட்டில் விடை எளிது. ஐஆர்சிடிசி தளத்தில் 2019 செப்டம்பர் முதல் வசதிக் கட்டணம் மீண்டும் வந்தது. குளிர்சாதனமில்லாத வகுப்புக்கு 15 ரூபாய், குளிர்சாதன வகுப்புக்கு 30 ரூபாய். யுபிஐ என்றால் 10, 20. ஜிஎஸ்டி தனி. கொடுப்பவர் பயணி.

டெபிட் கார்டில் கட்டணம் கண்ணுக்குத் தெரியாது. 2018 முதல் ரிசர்வ் வங்கி அதற்கு உச்சவரம்பு வைத்தது. கார்டு இயந்திரம் வைத்திருக்கும் சிறு வணிகருக்கு 0.40 சதவீதம், மற்றவருக்கு 0.90 சதவீதம். வங்கி அதைக் கடைக்காரரிடம் பிடிக்கிறது. அவர் அதைப் பொருளின் விலையில் ஏற்றிவிட்டால், ரொக்கம் கொடுத்து வாங்கும் பாட்டியும் கார்டுக் கட்டணத்தில் பங்கு கொடுக்கிறார்.

யுபிஐ இலவசம்தானே என்று கேட்கலாம். 2020 ஜனவரி 1 முதல் அதற்கு வணிகர் கட்டணம் இல்லை. ஆனால் வங்கிகளுக்குச் செலவு நிற்கவில்லை. சிறு வணிகரிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான பரிமாற்றங்களுக்கு 0.15 சதவீத ஊக்கத்தொகை என, 2024-25ஆம் ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அது வரிப்பணம். கைப்பேசியே இல்லாதவரும் வரி செலுத்துகிறார். மிச்சச் செலவு வங்கிகளின் தலையில்.

இனி விற்பவர் பக்கம். ஒரு மாணவியின் தாய் பால்கோவாவை இணையத்தில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு 400 ரூபாய் வர வேண்டும். விற்பனைத் தளம் 15 சதவீதம் பிடிக்கிறது. 400-க்கு 15 சதவீதம் 60. ஆகவே 460 என விலை வைக்கிறார். தளமோ 460-க்கு 15 சதவீதம், அதாவது 69 ரூபாய் பிடிக்கும். கைக்கு வருவது 391. ஒரு பெட்டிக்கு 9 ரூபாய் நட்டம். நூறு பெட்டிக்கு 900 ரூபாய். சரியான விலை 400-ஐ 0.85-ஆல் வகுத்தால் வரும்: ஏறத்தாழ 471 ரூபாய். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதம் ஒரு வீட்டின் வருமானத்தைக் காப்பாற்றும் இடம் இது.

ஆனால் 471-க்கு விலை போகுமா? பக்கத்துக் கடை 430-க்குத் தந்தால் வாங்குபவர் அங்கே போய்விடுவார். அப்போது கட்டணம் விற்பவர் மீதே விழும். அவர் பால் கொள்முதல் விலையைக் குறைத்தால், மாடு வளர்ப்பவர் மீது விழும். மேல்நிலை வகுப்பில் நாம் நடத்தும் தேவை நெகிழ்ச்சி இதுதான். ரசீதில் யார் பெயரில் எழுதியிருந்தாலும், வேறு வழியில்லாதவரே பெரும்பங்கைச் சுமக்கிறார்.

ஒரு வேண்டுகோள். மாணவர்களிடம் வீட்டிலுள்ள இணைய ரசீது ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர், முகவரி, எண்களை மறைத்துவிடலாம். பொருளின் விலை, அனுப்பும் செலவு, கட்டணம், வரி எனப் பிரித்து எழுதச் செய்யுங்கள். 'இலவசம்' என்ற சொல்லைக் கண்டால், 'யார் தருகிறார்?' என்று அவர்கள் கேட்கப் பழகட்டும்.