கடையில் நிற்றல்

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



"இளைஞரும் உழைப்பும்" என்னும் பொருள்பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கின்றனர். உழைப்பின் உயர்வைச் சொல்லாத மேடை எமது நாட்டில் இல்லை. அதைத் திரும்பச் சொல்வது எளிது. நாமோ ஒரு வேலையை, அதன் நேரம் தாங்க முடியாதென்று கைவிட்டு வந்தவர். ஆகையால் அந்தக் கதையையே சொல்ல அனுமதி வேண்டுகிறோம். கேட்டபின், "இவன் சோம்பேறி" என்று பெரியோர் தீர்ப்பளித்தால் ஏற்றுக்கொள்வோம்.

உயர்தரப் பரீட்சை எழுதியபின் சர்வகலாசாலை அழைப்பு வரும்வரை ஒரு மாணவன் காத்திருக்கும் காலம் சிறிதன்று. வீட்டில் சும்மா இருக்கக்கூடாதென்று ஐயா சொல்ல, உறவினர் ஒருவர் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் எம்மைச் சேர்த்துவிட்டார். எமது ஊர்ப் பேச்சில் ஒரு விசேடம் உண்டு. கந்தோரில் ஒருவன் "வேலை செய்கிறான்" என்போம். பள்ளிக்கூடத்தில் "படிப்பிக்கிறான்" என்போம். கடையில் இருப்பவனை மட்டும் "கடையில் நிற்கிறான்" என்போம். அந்தச் சொல் எவ்வளவு உண்மையானதென்பதை முதல் நாள் இரவே எமது கணுக்கால்கள் அறிந்துகொண்டன.

காலை ஏழரைக்குக் கீழே இறங்கிக் கூட்டித் துடைக்க வேண்டும். எட்டு மணிக்குக் கதவு திறக்கும். இரவு எட்டரைக்குக் கதவு மூடும். ஆனால் வேலை மூடாது. பகல் முழுவதும் விரித்துக் காட்டிய துணிகளையெல்லாம் மடித்து, நிறம் பார்த்துத் தட்டில் அடுக்கி, கணக்கு ஒப்புவித்து மேல்மாடியில் பாயை விரிக்க ஒன்பதரை ஆகும். சாப்பாட்டுக்கு இரண்டு வேளையும் சேர்த்து ஒரு மணி நேரம். படுப்பதும் அதே கட்டிடமாகையால் "நேரமாகிவிட்டது, பஸ் போய்விடும்" என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் கலைந்து பழகியவர் நாம். வேலை முடிந்ததென்று சொல்ல ஒரு மணியும் அடிக்காத இடம் உலகில் உண்டென்பது எமக்கு அங்கேதான் தெரிந்தது.

கணக்கில் நாம் கெட்டிக்காரர் அல்லர். எனினும் இந்தக் கணக்கைப் பாய்மேற் கிடந்தபடி பலமுறை போட்டிருக்கிறோம். நாளொன்றுக்கு 13 மணி. ஆறு நாளுக்கு 78. எமது நாட்டில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் என ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு நேரம் நீங்க நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்பதே அது வகுத்த அளவு. மேலதிக வேலை கிழமைக்கு 12 மணியைத் தாண்டலாகாது. அதற்குக் கூலி ஒன்றரை மடங்கு. கிழமையில் ஒன்றரை நாள் விடுமுறையும் உண்டு. 45உம் 12உம் 57. எமது 78இல் அதைக் கழித்தால் 21 மணி மிஞ்சும். எந்தச் சட்டத்திலும், எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடமில்லாத 21 மணி! இச்சட்டத்தை நாம் சர்வகலாசாலைக்கு வந்த பிறகுதான் வாசித்தோம். கடையில் நின்ற காலத்தில் அதன் பெயரையே அறியோம். எம்மோடு நின்ற எவரும் அறியார்.

புறப்படும்போது எமது ஆசிரியர் ஒருவர் ஒரு நல்ல நூலைத் தந்து, "வாசித்து முடித்துக் கொண்டுவா" என்றார். பதினொரு மாதத்தில் 19ஆம் பக்கம் வரை வந்திருந்தோம். வெள்ளி இரவுகளில் அம்மா தொலைபேசியில் அழைப்பார். ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே உறங்கிவிட்டோம். அவரோ அழைப்பைத் துண்டிக்காமல் எமது குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதைப் பிற்பாடு சிரித்தபடிதான் சொன்னார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

தீபாவளிக்கு முந்திய கிழமைகளில் கடை பதினொரு மணிவரை திறந்திருந்தது. அந்நாட்களில் ஒரு பின்னிரவில், நின்றபடியே கண் மூடியதில், ஐந்து யார் கேட்டவருக்கு நாலு யாரில் துணியை வெட்டிவிட்டோம். துணியின் விலை சம்பளத்திற் கழிந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, பிழை எம்முடையது. ஆனால் அங்கே நேர்ந்த பிழைகளெல்லாம் இரவு ஏழு மணிக்குப் பிந்தியே நேர்ந்தன என்பதை முதலாளிமார் எவராவது குறித்துப் பார்த்ததுண்டோ? 2021ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. கிழமைக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைவிடப் பாரிசவாத ஆபத்து 35 வீதமும், இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதமும் கூடுதல் என்று அது கூறுகிறது. துணியைப் பிழையாக வெட்டுவது சிறு நட்டந்தான்.

தீபாவளி கழிந்ததும் விலகினோம். இங்கேதான் எமது குற்றம் இருக்கிறது. "நேரம் கூடுதல், குறைக்க வேண்டும்" என்று முதலாளியிடம் நாம் கேட்கவேயில்லை. "அம்மாவுக்குச் சுகமில்லை, ஊருக்குப் போகவேண்டும்" என்று பொய் சொன்னோம். அவர் கொடியவர் அல்லர். பன்னிரண்டு வயதில் அதே தெருவில் வந்து நின்றவர்; தாம் நின்ற நேரம்தான் எல்லோரும் நிற்கவேண்டிய நேரம் என்று நம்பியவர். "அம்மாவைக் கவனமாகப் பாரும் தம்பி" என்று சொல்லி ஒரு சேலையையும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலையும் கையில் தந்தார். உண்மையை அறிந்த அம்மா அந்தச் சேலையை இன்றுவரை உடுக்கவில்லை. ஹோர்லிக்ஸைக் கரைத்து எமக்கே தந்தார்.

ஊரில் பேச்சுக்குக் குறைவில்லை. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டுமென்ற எண்ணமோ?" என்று கேட்டவரும் உண்டு. அந்தப் பழமொழியை இதுகாறும் ஓய்வூதிய ஆசை என்றே நினைத்திருந்தோம். நாலேகாலுக்குக் கதிரையை விட்டு எழுந்து, வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம் என்னும் ஆசையும் அதற்குள் இருந்திருக்கலாம்.

நிற்க. எம்மோடு ஹற்றன் பக்கத்து அண்ணர் ஒருவர் நின்றார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தோட்டத்து லயத்தில். மாதாமாதம் காசு அனுப்புவார். விலகும் செய்தியை அவருக்கு மட்டும் உண்மையாகச் சொன்னோம். மடித்துக்கொண்டிருந்த துணியை வைக்காமலே, "நீங்க போய்ப் படிங்க தம்பி. நான் எங்க போறது?" என்றார். எமக்குப் போக ஓர் இடம் இருந்தது, ஆதலால் விலகினோம். அவ்விலகலால் அந்தக் கடையின் நேரம் அரை மணியேனும் குறைந்ததோ என்றால், இல்லை. எமக்குப் பதிலாக எவரையும் எடுக்கவில்லை என்றும், எமது தட்டையும் தாமே அடுக்குவதாகவும் அவர் பின்னர் தொலைபேசியிற் சொன்னார். நாம் துறந்த 21 மணியில் ஒரு பங்கு அவர் தோளில் ஏறியிருக்கிறது.

எட்டு மணி நேரம் என்பது தனியொருவர் விலகியதால் வந்ததன்று. அதற்காக 1886ஆம் ஆண்டு மே மாதம் சிக்காக்கோவிலும் அமெரிக்காவின் வேறு நகரங்களிலும் தொழிலாளர் திரண்டனர், உயிர்களும் போயின. 1919இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் தனது முதலாவது உடன்படிக்கையிலேயே கைத்தொழில்களுக்கு நாள் 8 மணி, கிழமை 48 மணி என்று எழுதியது. கடைக்கும் கந்தோருக்கும் 1930இல் வேறோர் உடன்படிக்கை செய்தது. அண்மைக் காலச் செய்தியொன்று எம்மைப்போல் நின்றவர்க்கு இன்னும் இனிப்பது. கேரளத்துப் புடைவைக் கடைகளிற் பகல் முழுதும் நின்ற பெண்கள் ஒன்றுசேர்ந்து, இருக்க ஓர் ஆசனம் வேண்டுமென்று கேட்டனர். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் பின்பற்றியது. அவர்கள் கேட்டனர், நாம் பொய் சொல்லி வந்தோம்.

இப்போது மாலை ஆறரை மணி. இம்மண்டபத்தில் மாணவர் இருக்கின்றனர், ஆசிரியர் இருக்கின்றனர், கந்தோர் உத்தியோகத்தர் இருக்கின்றனர். எமது கடைத்தெருவில் நிற்கும் இளைஞர் ஒருவரேனும் இருக்கின்றனரா? நாம் பார்த்த அளவில் இல்லை. வரும் வழியில் அவர்களைக் கண்டோம். விளக்குகளின் கீழே நின்றுகொண்டிருந்தனர். எமது சங்கக் கூட்டங்கள் யாவும் அவர்கள் நிற்கும் நேரத்திலேயே நடக்கின்றன. வாசிகசாலையும் எட்டு மணிக்கு மூடப்படுகிறது.

செயலாளரிடம் பேசினோம். வாசிகசாலையை ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணிவரை திறந்து வைப்பதற்குச் சம்மதித்திருக்கிறார். திறப்பை இரு தோழர் பொறுப்பேற்றுள்ளனர். இனி முன்வரிசையில் வீற்றிருக்கும் வர்த்தகப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். வருகிற கூட்டம் புதன்கிழமை ஆறு மணிக்கு. அன்று ஒருநாள் உங்கள் கடைப் பிள்ளைகளை ஐந்தரைக்கு விட்டுவிடுங்கள். அவர்களுக்காகப் பின்வரிசையில் இருபது கதிரை போடச் சொல்லியிருக்கிறோம்.