வெந்நீர் அடுப்பும் வீட்டுச் செலவும்



தோட்டத்து வீடுகளில் பொழுது எதில் விடிகிறது? பிரட்டுக்குப் போகிறவர் எழுவதற்கு முன்பே வீட்டுத் தாய் எழுந்து அடுப்பில் வெந்நீர் வைக்கிறாரே, அதில்தான் விடிகிறது. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். காலை நாலு மணிக்கு அவர் ஊதுகுழலால் அடுப்பை ஊதும் ஓசையில்தான் நாங்கள் கண் விழிப்போம். இன்று பெரும்பாலான வீடுகளில் கேஸ் தோம்பும் மின்சாரக் கெட்டிலும் வந்துவிட்டன. ஆனாலும் குளிக்கிற தண்ணீருக்கென்று வீட்டின் பின்புறம் மூன்று கல்லைக் கூட்டி, அதன்மேல் தகர டின்னை ஏற்றிவைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கத்தான் செய்கிறது. எந்த அடுப்பானாலும் சரி, அதில் வீணாய்ப் போகிற சூட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. கணக்கு என்றதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடக்கூடிய கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டிகிரி சூடு ஏற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 26 டிகிரி இருக்கும். கொதிப்பது 100 டிகிரியில். ஆக, ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர 74 பங்கு வெப்பம் வேண்டும். சங்கதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. கொதித்த அந்த ஒரு லிட்டரும் ஆவியாகிப் போக இன்னும் 540 பங்கு வெப்பம் வேண்டும்! ஒரு லிட்டரை ஆவியாக்கிப் பறக்கவிடுகிற வெப்பத்தைக் கொண்டு ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதைப் படித்தபோது, பரீட்சைக்காக மனனம் செய்தேனே தவிர, எங்கள் வீட்டு அடுப்பை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

கொதித்த தண்ணீர் மேற்கொண்டு எவ்வளவு எரித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. "இன்னும் கொஞ்சம் தளதளவென்று கொதிக்கட்டும்" என்று விட்டுவைத்தால் எரிபொருள் ஆவியாகிக் கூரை வழியே போகிறது, அவ்வளவுதான். கொதிக்கும் முன்பும், மூடாத பாத்திரத்திலிருந்து ஆவி போய்க்கொண்டேதான் இருக்கும். ஒரு தட்டை எடுத்து மூடினால் பாதித் தொல்லை தீர்ந்தது.

குடிக்கிற தண்ணீரில் மட்டும் யாரும் சிக்கனம் பார்த்துக் கொதிக்க வைக்காமல் விட்டுவிடக் கூடாது. கிணற்றுத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ பயன்படுத்தும் வீடுகளில் இது மிக முக்கியம். ஆனால் பெரிய குமிழிகள் விடாமல் எழும்பிவிட்டால், நோய்க்கிருமிகளைக் கொல்ல அது போதும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். கால் மணி நேரம் கொதிக்க வேண்டியதில்லை. இறக்கி, மூடியபடியே தானாக ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரைக் கலந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

குளிக்கிற தண்ணீர் கதை வேறு. உடம்புக்கு இதமான சூடு ஏறத்தாழ 40 டிகிரிதான். ஒரு வாளியில் 12 லிட்டர் பச்சைத் தண்ணீர் இருந்தால், அதில் 3 லிட்டர் கொதிநீரை ஊற்றினாலே அந்தச் சூடு வந்துவிடும். வாளியும் நிறைந்துவிடும். இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்ட 6 லிட்டர் கொதிநீர், அதாவது மண்ணெண்ணெய் டின்னில் மூன்றில் ஒரு பங்கு, தாராளம். நாமோ டின் நிறைய 18 லிட்டர் வைக்கிறோம். கேஸ் அடுப்பில் பாதி வெப்பம் பாத்திரத்துக்கு வெளியே போய்விடுகிறது என்று கணக்கிட்டால், ஒரு டின் தண்ணீர் கொதிக்கக் கிட்டத்தட்ட கால் கிலோ கேஸ் வேண்டும். 14 கிலோ தோம்பு இப்படியே 60 டின்னுக்குக்கூடத் தாங்காது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒரு சிறுமி திடீரென்று பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோது, வெந்நீர் பட்டுக் காலெல்லாம் வெந்து மருத்துவமனையில் இருக்கிறாள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். விடியற்காலை இருட்டில், அம்மா டின் நிறையக் கொதிக்க வைத்து, ஆறட்டும் என்று குளியலறை வாசலில் இறக்கி வைத்திருக்கிறார். வாளி எடுக்கத் திரும்பினார். தூக்கக் கலக்கத்தில் வந்த பிள்ளை அதில் இடறிவிட்டது. அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி சொன்னார்: "டீச்சர், அந்தத் தண்ணியில பாதிய தினமும் கீழதான் ஊத்துவேன்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தானே நடந்தது!

ஆகையால் தாய்மார்களே, வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள்; வெந்நீரை அதன்மேல் ஊற்றிக் கலக்குங்கள். ஒருபோதும் வெந்நீரை முதலில் ஊற்றி வைக்காதீர்கள். 60 டிகிரி தண்ணீரே சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். கைக்குழந்தைக்கு ஊற்றுமுன் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் அந்த இடத்தைக் காட்டி, பிறகு மருத்துவரிடம் கொண்டு போங்கள். பற்பசையோ கிச்சாப்போ தடவ வேண்டாம்.

விறகு எரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். டின்னில் இருக்கும் தண்ணீர் சூடாகுமுன், விறகிலிருக்கும் தண்ணீர் ஆவியாக வேண்டும். அதற்கும் அதே 540 பங்குக் கணக்குதான்! கண் எரிச்சலும் இருமலும் அதற்கு மேல். பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கிக் காயவிட்டு எரித்தால் விறகு மிச்சம். கல்லடுப்பின் பக்கங்களை மண் பூசி அடைத்து, முன்புறம் மட்டும் வாய் விட்டால் தீ காற்றில் அலையாது. மறுநடவுக் காலத்தில் ரப்பர் விறகு வேண்டிய மட்டும் கிடைத்த நாள்கள் உண்டு. 1980களுக்குப் பிறகு அந்த மரம் மேசை நாற்காலிக்குப் போகத் தொடங்கியதும் அதற்கும் விலை வந்துவிட்டது.

மின்சாரக் கெட்டிலில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். நாள் முழுவதும் தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டே இருக்கும் மின்சார ஏர்பாட்டைவிட, ஒரு முறை கொதிக்க வைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைப்பது மேல். போத்தலுக்கு மின்சாரம் வேண்டாமே.

மாலைக் குளியலுக்கோ சூரியனே இருக்கிறது. கறுப்புச் சாயம் பூசிய டின்னில் தண்ணீர் நிரப்பி, காலையிலிருந்து வெயிலில் வைத்தால், மழை வராத நாளில் பிள்ளைகள் குளிக்க அடுப்பே தேவைப்படாது. ஆனால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. டின்னை இறுக மூடிவையுங்கள். இல்லையென்றால் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். பொருத்தமான மூடி இல்லையே என்பவர்களுக்கு: தகரக் கடையில் கேட்டால் அளவுக்கு வெட்டித் தருவார்கள். எங்கள் வீட்டு டின்னுக்கு ஒரு பழைய பிஸ்கட் பீப்பாயின் மூடிதான். நன்றாகவே பொருந்துகிறது.