வீட்டுக்குத் தூரம், வேலைக்குப் பக்கமா?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் கூலியைப் பற்றியோ பஞ்சப்படியைப் பற்றியோ பேச வரவில்லை. மாதவிடாயைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்வரிசையில் இரண்டு ஆண் தோழர்கள் மெதுவாக எழுந்திருப்பது தெரிகிறது. உட்காருங்கள். உங்கள் மனைவியும் மகளும் படுகிற பாடு இது.

முதலில் இது என்னவென்று தெரிந்துகொள்வோம். மாதம் ஒரு முறை பெண்ணின் சினைப்பையிலிருந்து ஒரு முட்டை வெளிவருகிறது. கரு தங்கினால் அதற்கு இடம் வேண்டுமே! அதற்காகக் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, பஞ்சு மெத்தை போல் ஆகிறது. கரு தங்காவிட்டால் அந்த மெத்தைக்கு வேலையில்லை. உதிர்ந்து இரத்தத்தோடு வெளியே வருகிறது. அவ்வளவுதான். 21 முதல் 35 நாளுக்கு ஒரு முறை வரலாம். 3 முதல் 7 நாள் இருக்கலாம். போகிற இரத்தம் சாதாரணமாக 30, 40 மில்லி. கால் ஆழாக்குகூட வராது. இது கெட்ட இரத்தமும் அல்ல. நாமெல்லாரும் வளர்ந்தது அந்த மெத்தையில்தான்.

ஆனால் நம் ஊரில் இதற்குத் ‘தூரம்’ என்று பெயர். எதற்குத் தூரம்? அடுப்படிக்கு, கோயிலுக்கு, தண்ணீர்க் குடத்துக்கு. மிராசுதார் வீட்டுத் திண்ணைக்கும் தூரம்தான். அவருடைய நடவு வயலுக்கு மட்டும் தூரமில்லை! நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நட்டாலும் அவர் நெல்லில் தீட்டு ஒட்டுவதில்லை. மில்லில் நூற்ற நூலிலும் ஒட்டுவதில்லை. அந்த நூலில் நெய்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, தஞ்சை ஜில்லாவில், வயதுக்கு வந்த ஒரு சிறுமியைத் தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசைமேல் விழுந்து பிள்ளை செத்துப்போனாள். புயல் மட்டுமா கொன்றது?

சுத்தத்துக்கு வருவோம். துணி வைப்பதில் தவறில்லை. பழைய நூல் புடவை நன்றாக உறிஞ்சும். பாலியெஸ்டர் கிழிசல் உறிஞ்சாது. பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். இங்கேதான் சங்கடம். யார் கண்ணிலும் படக்கூடாது என்று கூரை இடுக்கிலும், கட்டிலுக்கு அடியிலும் ஒளித்துக் காயவைக்கிறோம். ஈரம் போகாத துணியால் அரிப்பும் புண்ணும் வரும். கொடியில் மாமனாரின் கோவணம் காயலாம், இது காயக்கூடாதா?

துணியோ நாப்கினோ, 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். விலைக்குப் பயந்து ஒன்றையே சிப்டு முழுவதும் வைத்திருக்காதீர்கள். எண்ணெயும் தூசியும் படிந்த மில் கழிவுப் பஞ்சு வேண்டவே வேண்டாம். கழுவ வெறும் தண்ணீர் போதும். முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும்.

“மாற்றச் சொல்கிறீர்களே தோழர், எங்கே போய் மாற்றுவது?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். வயலில் மறைவு கிடையாது. மில்லில் கக்கூஸுக்குப் போனால் மேஸ்திரி கடிகாரத்தைப் பார்க்கிறார். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பை வாங்கிக்கொள்கிறோம். பெண்களுக்குத் தனிக் கக்கூஸ் வேண்டும், அது சுத்தமாக இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 19ஆம் பிரிவில் சொல்லிற்று. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கடமை முதலாளிக்கு உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஓய்வுக்குப் பதிலாக அவர்கள் கொடுப்பது மாத்திரை. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில், வயிற்றுவலி என்ற பெண்களுக்குப் பெயரே இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியது 2019ல் பத்திரிகைகளில் அம்பலமாயிற்று. என்ன மாத்திரை என்று தெரியாமல் விழுங்காதீர்கள். வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. தாங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

மராட்டியத்தில் பீட் ஜில்லாவின் கரும்பு வெட்டும் பெண்கள் கதை இன்னும் கொடியது. ஒரு நாள் வராவிட்டால் காண்டிராக்டர் அபராதம் பிடிப்பான். புற்றுநோய் வரும் என்று தனியார் டாக்டர்களும் பயமுறுத்தினார்கள். மாநில அரசு நியமித்த குழு 2019ல் 82 ஆயிரம் பெண்களை விசாரித்தபோது, 13 ஆயிரம் பேருக்கு மேல் கர்ப்பப்பையையே எடுத்திருந்தார்கள்! பீகாரில் அரசு ஊழியப் பெண்கள் 1992லேயே மாதம் 2 நாள் லீவு பெற்றார்கள். அவர்களுக்கு வலிக்கிற வயிறுதானே நமக்கும்?

7 நாளுக்கு மேல் போனால், மணிக்கு ஒரு துணி நனைந்தால், அடியோடு நின்றபின் மறுபடி கண்டால், சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பெண்களில் 53 பேருக்கு இரத்த சோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கருவாடு சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியை வழிக்கும் வழக்கத்தையும் விடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு கணக்குக் கொண்டுவாருங்கள்: உங்கள் மில்லில் பெண்கள் எத்தனை பேர், கக்கூஸ் எத்தனை, தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? வயல்வேலைத் தோழர்கள் நடவுக்களத்தில் ஒரு கீற்று மறைப்பும் ஒரு குடம் தண்ணீரும் உண்டா என்று பார்த்து வாருங்கள். ஆண் தோழர்களும் எண்ணலாம். கோரிக்கை மனுவை அன்றைக்கே உட்கார்ந்து எழுதுவோம்.